குழாய்க்குப் பிரசவம் பார்த்த மாதம்மாள்

ஜமுனாமரத்தூர் சந்தை நடுவில் கற்பூரம் அடித்துச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் தொண்டையில் சாமைக்கூழ் இறங்காமல் போகட்டும்.

எழுபத்தெட்டாம் வருஷம், ஐப்பசி மாதம். ஓடைத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்ற எங்கள் ஊரில் இரும்புக் குழாய் போட்டார்கள். வெல்டிங் வைக்க வாணியம்பாடியிலிருந்து சத்தார் வந்திருந்தார். அவர் வைத்த ஜாயிண்டு பூரான் படுத்திருப்பதுபோல வரிவரியாக, அத்தனை அழகு. மறுநாள் பார்த்தால், தண்ணீர் விடும் முன்பே, ஓரத்தில் மயிரிழை விரிசல். இப்படி இரண்டு போயிற்று. மூன்றாவதும் விரிசல் விட்டால் மூட்டையைக் கட்டிக்கொள் என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டார். சத்தாருக்குச் சோறு இறங்கவில்லை.

“வெல்டிங் ராடு நமுத்துப் போச்சுண்ணே,” என்றார் என்னிடம். “ஈரத்துல கீற ஹைட்ரஜன் வாயு, உருகின இரும்புக்குள்ள பூந்துக்குது. இரும்பு சட்டுனு ஆறிட்டா வெளிய வர வழியில்ல. உள்ளயே முட்டி ஒடைச்சிடுது. இந்தக் குளிர்ல நான் இன்னா பண்றது?”

ஊரில் பிரசவம் பார்க்கிற மாதம்மாள் விறகோடு அந்த வழியாக வந்தவள் நின்றாள்.

“வாயுவா? புள்ள பெத்தவளுக்கும் அதுதாங்க வயித்துல நிக்குது. பச்ச ஒடம்ப குளிர்ல போட்டா வெடிக்காம இன்னா பண்ணும்? நல்ல ஆம்பளைங்க!”

ராடுகளைச் சாமை வறுக்கும் சட்டியில் போட்டு வறுத்தாள். தணல் போட்டுக் குழாயைச் சூடாக்கினாள். சத்தார் பற்றவைத்து முடித்ததும் சுடுசாம்பலால் மூடி, அதன்மேல் ஒரு கம்பளியை நான்கு சுற்று சுற்றினாள். பூண்டுக் கஷாயமும் காய்ச்சினாள். குழாய்க்கு இரண்டு பக்கமும் வாய் இருந்ததால் எதில் ஊற்றுவது என்று குழம்பி, கடைசியில் சத்தாருக்கே புகட்டினாள்.

“ஒம்போது நாளு யாரும் தொடக்கூடாது.”

“யக்கா, காண்டிராக்டர் நாளைக்கே வர்றாரு!”

“பிரசவம் பாத்தது நானா, அவரா?”

மறுநாள் அவர் வந்தபோது கம்பளி பூரிபோல உப்பியிருந்தது. இரும்புக்குள் இருந்த ஹைட்ரஜன் முழுக்க வெளியே வந்து அதற்குள் நின்றிருந்தது. ஹைட்ரஜன் காற்றைவிட லேசு; பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். காண்டிராக்டர் மாதம்மாளின் பேச்சைக் கேட்காமல் கம்பளியைப் பிடித்து இழுத்தார். அது கழன்று மேலே கிளம்பியது. அவர் பிடியை விடவில்லை.

“வுட்டுடுங்க சார்!” என்று கத்தினார் சத்தார்.

“கம்பளிய வுட்டுடாத சாமீ, எங்க மாமியார்து!” என்று கத்தினாள் மாதம்மாள்.

பல மைல் தள்ளி, அமிர்திக் காட்டில் ஒரு மரத்திலிருந்து அவரை வனத்துறைக்காரர்கள் இறக்கினார்கள். இரண்டு நாள் கழித்து பஸ்ஸில் வந்தார். கம்பளியை மடித்துக் கொடுத்துவிட்டு, குனிந்து ஜாயிண்டைத் தடவித் தடவிப் பார்த்தார். விரிசல் இல்லை.

“மீதியையும் நீயே வை,” என்றார் சத்தாரிடம். “அந்தம்மாவையும் கூட வெச்சிக்கோ.”

அந்தக் குழாய் இன்றும் எங்கள் ஊர் மேட்டில் இருக்கிறது. என்ன, இப்போது பார்ப்பவர்கள்தான் அதைச் சிமெண்டுக் குழாய் என்கிறார்கள்.