ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று காவல்

"அத்தனை டாக்டருங்க குரலையும் கம்ப்யூட்டருக்குள்ள அடைச்சு வெச்சா அது எப்படி ஓடும்? மூச்சு விடக்கூட இடம்—"

"போன மாசம் வரைக்கும் இதே குரலுங்களை வெச்சுக்கிட்டுத்தானே ஓடுச்சு. இப்ப மட்டும் என்ன—"

"நான் ஒண்ணும் தொடலை. எடுத்த எடுப்புலயே என்னைச் சொல்லாத."

"தொட்டீங்கன்னு நான் சொல்லவே இல்லையே."

கணவர் ஜன்னல் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போனார். அது மாட்டித்தான் இருந்தது. அந்த வீட்டில் மாட்டாத கொக்கி கிடையாது. சரக்குக் கிடங்கில் தலைமைக் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசல் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள், ஒரு பூட்டு. பூட்டின் சாவி ஒரு பெட்டிக்குள். பெட்டிக்கும் பூட்டு.

அவருடைய அக்கா சோபாவில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததைத் தெரு முழுக்க ஒலிபரப்புவதால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். இவன் பிறந்தபோதே கையை இறுக மூடிக்கொண்டுதான் பிறந்தான் என்றாள். எல்லாக் குழந்தையும் அப்படித்தானே பிறக்கும் அண்ணி என்றாள் தம்பி மனைவி. "அதுங்கல்லாம் அப்புறமா திறந்துடும்" என்றாள் ரேடியோ.

தம்பி மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்பு அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே அவளுடைய மேசை. மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு, அறிக்கையாகத் தட்டச்சு செய்து அனுப்புவது அவள் வேலை. போன வாரம் இரண்டு முறை தாமதமாகிவிட்டது. மேற்பார்வை பார்க்கும் பெண் போனில் தேனாகப் பேசினாள். வயசாச்சு இல்லையா, கொஞ்சம் ஓய்வு எடுங்களேன் என்று. இன்றைய கட்டு மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் நாளையிலிருந்து வேலை வேறொருத்திக்கு. அதையும் அந்தப் பெண் தேனில் குழைத்தே சொல்லியிருந்தாள்.

வயசானது யாருக்கு? அவள் விரல்கள் இன்னும் இளசுகளை ஓரங்கட்டும். அதற்குக் காரணம் அவளே சேர்த்து வைத்திருந்த ஒரு ஃபைல். 'நெவ' என்று தட்டினால் 'நெஞ்சு வலியுடன் வந்த நோயாளி' என்று முழுசாக வந்து நிற்கும். 'மசே' என்றால் 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்'. புதிதாக ஒரு நோய் காதில் விழும்போதெல்லாம் அதற்கும் ஒரு சுருக்கம் போட்டுச் சேர்ப்பாள். அதை அவள் 'என் கை' என்றுதான் சொல்வாள். பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வைக்கிறேன் என்று ஒரு நாள் கேட்டதற்கு, வெளியாளை உள்ளே விடுகிற வேலை வேண்டாம் என்று பென்டிரைவையே பெட்டியில் பூட்டிவிட்டார் அவர்.

இன்று காலையிலிருந்து ஒரு வார்த்தைகூட அடிக்க முடியவில்லை. எழுத்தைத் தட்டிவிட்டுத் தண்ணீர் குடித்து வந்தால்தான் அது திரையில் தெரிந்தது. அவர் யோசனை ஒன்றே ஒன்றுதான். குரல்களை அழி. அடிக்காத குரலை எப்படி அழிப்பது என்று கேட்டால், இருமல் எல்லா ஊரிலும் இருமல்தானே, இதில் எத்தனை இருமலை வைத்திருப்பாய் என்றார்.

அவளே இறங்கினாள். கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பழைய பிரஷ்ஷால் தூசியைத் தட்டினாள். ரீஸ்டார்ட் செய்தாள். அது எழுந்து வருவதற்குள் ரேடியோ துணி மலையை மடித்து முடித்துவிட்டாள். வந்த பிறகும் உள்ளே மின்விசிறி ஓயவில்லை. ஒன்றையும் நான் திறக்கவில்லையே, பிறகு உள்ளே யார் இவ்வளவு உழைக்கிறார்கள் என்று யோசித்தாள். என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தாள்.

உச்சியில் மூன்று பெயர்கள். மூன்றும் ஆன்டிவைரஸ்.

"மூணு எதுக்குங்க?"

அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விளக்கினார். முதலாவது கம்ப்யூட்டரோடு வந்தது. இரண்டாவதை விளம்பரம் பார்த்துப் போட்டார். போட்டதும் அது முதலாவதைச் சந்தேகப்படும்படியானது என்று சொன்னது. இரண்டில் எது யோக்கியன் என்று பார்த்துச் சொல்ல மூன்றாவது.

"கோடவுன்ல நாங்க அப்படித்தான். ஒருத்தன் கண்ணசந்தா இன்னொருத்தன் பார்த்துக்கணும். என் சர்வீஸ்ல ஒரு மூட்டை வெளிய போனதில்ல, தெரியுமா."

"நீங்க மூணு பேரும் ஒருத்தர் பையில ஒருத்தர் கையை விட்டு சோதிச்சுக்கிட்டே இருந்தா, சரக்கு எப்பங்க லாரி ஏறும்?"

அவள் ஒரு குரலைத் திறந்தால் முதலாவது அதைச் சோதித்தது. இவன் ஏன் அதைத் தொடுகிறான் என்று இரண்டாவது அவனைச் சோதித்தது. மூன்றாவது இரண்டு பேரையும் விடவில்லை. இதற்கு நடுவே நோயாளியின் காய்ச்சல் வாசலிலேயே காத்துக் கிடந்தது.

இரண்டை நீக்கப் போனாள். வீட்டைத் திறந்து போட்ட மாதிரி ஆகிவிடும் என்று அவர் மவுஸைப் பிடித்துக்கொண்டார். கையை எடுங்க என்று மட்டும் சொன்னாள். எடுத்தார். அந்த இரண்டும் லேசில் போகவில்லை. நிஜமாகவே போகச் சொல்கிறீர்களா, எங்களிடம் என்ன குறை என்று, கிளம்புகிறேன் கிளம்புகிறேன் என்று வாசலிலேயே நிற்கும் உறவுக்காரர்களைப் போலத் திரும்பத் திரும்பக் கேட்டன. ஒருவழியாகத் துரத்தி, மறுபடி ரீஸ்டார்ட் செய்தாள். ரேடியோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் திரை வந்துவிட்டது. விசிறியும் அடங்கியது.

"என் டாக்டருங்க மேல பழியைப் போட்டீங்களே" என்றாள். இன்னும் நேரம் இருந்தது. கையைச் சொடுக்கி, ஹெட்போனை மாட்டி, முதல் குரலைத் திறந்து 'நெவ' என்று தட்டினாள்.

'நெவ' என்றே நின்றது.

மறுபடி தட்டினாள். 'மசே' தட்டிப் பார்த்தாள். அதுவும் அப்படியே. ஃபோல்டரைத் திறந்தாள். குரல்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. அந்த ஒரு ஃபைல் மட்டும் இல்லை. குப்பைத்தொட்டியில் தேடினாள். கழுவி விட்ட மாதிரி இருந்தது.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"என் கை எங்க?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா மடித்த துணியையே பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். தான் காலையில் குளிக்கப் போயிருந்தபோது என்ன நடந்தது என்பதை மனைவி அவர் வாயிலிருந்து துண்டு துண்டாகப் பிடுங்க வேண்டியிருந்தது. வேகம் வேண்டுமானால் வேண்டாததை நீக்கச் சொல்லி மூன்றாவது காவல் ஒரு எச்சரிக்கை காட்டியிருக்கிறது. இவர் தேடியிருக்கிறார். டாக்டர் பெயர் இல்லாமல், தேதி இல்லாமல் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது.

"திறந்து பார்த்தேன். நெவ, மசே, கொஅன்னு பைத்தியம் பினாத்தின மாதிரி பக்கம் பக்கமா இருந்துச்சு. வைரஸ்தான்னு நினைச்சு வெளிய தள்ளினேன். திரும்பி வந்துடக் கூடாதுன்னு தொட்டியையும் காலி பண்ணிட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

இன்றைக்கு மட்டும் முழுசாக அடித்துவிடேன், நாளைக்கு யாரையாவது கூட்டிவந்து காட்டலாம் என்றார் மெதுவாக. ஒலிபரப்பு நின்றுபோயிருந்தது. ரேடியோ மடித்த துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மேசையில் போன் அதிர்ந்தது. மேற்பார்வை பார்க்கும் பெண். மனைவி அதை எடுத்து, பொத்தானை அமுக்காமலே அவர் கையில் வைத்தாள்.

"எடுங்க. மூணு காவல் இருந்தும் திருடன் எந்த வழியா வந்தான்னு நீங்களே அவகிட்ட சொல்லுங்க."