கைக்குட்டை போட்ட இடம்

பெங்களூரு போகும் காலை ரயிலில், ஜன்னலோர இருக்கையில் கிடந்த நீலக் கைக்குட்டையை எடுத்து மடித்து ஓரமாக வைத்துவிட்டு ஓவியா உட்கார்ந்துவிட்டாள்.

சமூகவியல் ஆசிரியை கொடுத்த வேலைதான் இது. "யாருக்கும் கெடுதல் இல்லாத ஒரு வழக்கத்தை மீறுங்க. உங்கள எப்படி வழிக்குக் கொண்டுவர்றாங்கன்னு எழுதிட்டு வாங்க." நான்கு மாதமாகச் சாம்பியன் ஸ்டேஷனில் ஏறி நின்றுகொண்டே கல்லூரிக்குப் போகிறவளுக்கு வேறு வழக்கம் தேடவேண்டியிருக்கவில்லை. ரயில் புறப்படும் மாரிக்குப்பத்திலேயே ஏறிவிடும் லவினா, பங்காருபேட்டையில் ஏறப்போகும் தோழிகளுக்காகப் பெண்கள் பெட்டியில் ஆறு கைக்குட்டை விரிப்பாள். அவற்றை யாரும் தொடமாட்டார்கள்.

லவினா போனிலிருந்து நிமிர்ந்தாள். "அது ஷில்பா எடம்மா."

"வரட்டும்க்கா. பேசிக்கலாம்."

லவினாவின் முறைப்புக்கு ஓவியா தயாராகத்தான் வந்திருந்தாள். ஆனால் குரல் வேறு பக்கமிருந்து வந்தது. தினமும் அவள் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நிற்கும் பழனியம்மா, ஒயிட்ஃபீல்டில் வீட்டுவேலைக்குப் போகிறவள்.

"பத்து வருசமா நாங்கல்லாம் நிக்கல? உனக்கு மட்டும் இன்னா வந்துச்சு? ஏந்திரு."

நின்றிருந்த மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். இடம் பிடித்தவளைவிட, இடமே இல்லாதவர்களுக்கு அல்லவா இத்தனை கோபம். எழுந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தவள், அடுத்த கைக்குட்டையையும் எடுத்தாள்.

"நீங்களும் உக்காருங்கக்கா."

பழனியம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு இருக்கையின் நுனியில் ஒட்டிக்கொண்டாள். ஊர்காம் ஸ்டேஷன் தாண்டியதும் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். அடுத்த ஸ்டேஷன் கோரமண்டல் வருவதற்குள் இன்னும் இரண்டு கைக்குட்டைகளின் மேல் ஆள் இருந்தது.

பங்காருபேட்டையில் ஷில்பா ஏறினாள். "இது எங்க எடமாச்சே?"

ஓவியா வாய் திறக்குமுன் பழனியம்மா முந்திக்கொண்டாள். "டிக்கெட்டு நானும்தாம்மா எடுத்துகினு வரேன். ஒயிட்ஃபீல்டு வரிக்கும் நான், அப்பறம் நீ உக்காரு."

ஷில்பா லவினாவைப் பார்த்தாள். லவினா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஷில்பா தன் சாப்பாட்டுப் பையைப் பழனியம்மாவின் மடியில் வைத்தாள். "அப்போ இதப் புடிச்சுக்குங்க."

ஓவியா அவசரமாக நோட்டைத் திறந்தாள். பழனியம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா எழுதற?"

"உங்களப் பத்திதான்க்கா."

"திட்டனதப் போடாத," என்றாள் பழனியம்மா. "உக்காந்தத மட்டும் போடு."