சாவு வீட்டில் சொன்ன சொல்

என் தம்பி ரெஜிஸுக்கு வேலை போனது வாய்த் துடுக்கால் இல்லை. மரியாதையால். இதை நான் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

மன்னார்புரத்தில் சவரிராயன் அண்ணன் நடத்துகிற ஃப்ரீஸர் பாக்ஸ் சர்வீஸில் ஆறு மாத ப்ரொபேஷனில் சேர்ந்திருந்தான். வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து சேரும்வரை இறந்தவர்களை வைத்திருக்கிற பெட்டி அது. வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, பிளக் போட்டு, குளிர் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். அதற்கு முன் இரண்டு வருடம் வாட்டர் ஃபில்டர் சர்வீஸுக்காக வீடு வீடாகப் போனவன். வேலையை முடித்து ஸ்பேனரைப் பைக்குள் போட்டதும் அவன் வாய் தானாகச் சொல்லும்: "போயிட்டு வரேங்க. எதுனாலும் கூப்பிடுங்க."

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். மாதாவைக் கும்பிடுகிற எங்கள் வீட்டிலும் அப்படித்தான், பெருமாளைக் கும்பிடுகிற வீட்டிலும் அப்படித்தான். ரெஜிஸுக்குத் தெரியாததில்லை. நாலு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு ஒழுங்காகத்தான் இருந்தான்.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு அபார்ட்மெண்ட். வீட்டுப் பெரியவர் போய்விட்டார், மகன் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். லிஃப்டில் பெட்டி நுழையாமல் மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். ரெஜிஸ் வியர்த்துக் கொட்டி நின்றபோது, சுவரோரம் உட்கார்ந்திருந்த பெரியவரின் மனைவி கோமளவல்லி அம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்து, "அந்தப் பிள்ளைக்கு ஃபேனைப் போடுங்கோ" என்றார்களாம். புருஷனைப் பறிகொடுத்தவர் தனக்காக ஃபேன் போடச் சொல்கிறார். அதில் இவன் இளகிப்போய்விட்டான். வாசலுக்கு வந்தவன் திரும்பி நின்று, அந்த அம்மாளைப் பார்த்தே, "போயிட்டு வரேங்க. எதுனாலும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டான்.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள் என்றான். அந்த அம்மாள் மட்டும் மெதுவாகத் தலையாட்டினார்களாம்.

பத்தாம் நாள் காரியத்துக்கு முன்பே அந்த வீட்டிலிருந்து மறுபடி ஃபோன் வந்தது. இந்த முறை கோமளவல்லி அம்மாள். தூக்கத்திலேயே போய்விட்டார்கள். இளைய மகள் ஆஸ்திரேலியாவிலிருந்து வரும்வரை வைத்திருக்கப் பெட்டி வேண்டும். வேறு ஆள் இல்லாததால் ரெஜிஸையே அனுப்பினார்கள். அவன் பெட்டியோடு வாசலில் நின்றதும், உள்ளேயிருந்து யாரோ சொன்னது அவன் காதில் தெளிவாக விழுந்தது.

"வரேன்னு சொன்னானே, வந்துட்டான்."

அன்று சாயங்காலமே அந்த வீட்டிலிருந்து கம்பெனிக்குப் புகார் போனது. சவரிராயன் அண்ணன் அதிகம் பேசவில்லை. "கோச்சுக்காத தம்பி. நீ ப்ரொபேஷன்லதான இருக்க. நாளையிலேந்து வேணாம்" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அவன் இதைச் சொன்னபோது, "எதுனாலும் கூப்பிடுங்கன்னு வேற சொன்னியாடா?" என்று கேட்டு நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. பிறகு அவன் முகத்தைப் பார்த்தேன். வேலை போனவன் முகமாக இல்லை அது. கொலை செய்துவிட்டு வந்தவன் முகமாக இருந்தது.

அன்றோடு எங்கள் வீட்டில் அந்த வார்த்தை நின்றுபோனது. வெளியே கிளம்பினால் செருப்பை மாட்டிக்கொண்டு ஊமை மாதிரி படியிறங்குவான். "சொல்லிட்டுப் போடா" என்று அம்மா பின்னாலேயே வாசல்வரை ஓடுவாள். அவன் தலையை மட்டும் ஆட்டுவான். அம்மா அவன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு அடுப்படியில் போய் அழுவாள். பழைய கம்பெனிப் பையன்கள் அவனுக்கு எமன் என்று பேர் வைத்து, ஃபோனில் கூப்பிட்டு, "எங்க வீட்டுப் பக்கம் வந்துடாத" என்று சொல்லிச் சிரித்தார்கள். இவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு ஃபோனை வைத்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் இன்னும் மோசம். சுவரில் ஒட்டியிருக்கிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றையும் விடமாட்டான். வண்டியை நிறுத்தி, இறங்கி, கிட்டே போய் முகத்தைப் பார்ப்பான். ஃபில்டர் சர்வீஸுக்குப் போன வீடுகளில் யாராவது இருக்கிறார்களா என்று. ஒருநாள் தில்லைநகரில் ஒருவர் சிக்கினார்.

"எம்பத்தாறு வயசுடா அவருக்கு" என்றேன்.

"போன வருஷம் அவருகிட்ட வரேன்னு சொல்லிட்டு வந்தேன்க்கா" என்றான்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று ஊர் முழுக்கப் பேசுகிறவள் நான். உண்மையைச் சொன்னால், அவன் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அவன் அம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தாலே டிவி சத்தத்தைக் கூட்டிவைக்க ஆரம்பித்தேன். நான் செய்வது எனக்கே உறைத்த அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். இப்படியே விட்டால் பையன் தேற மாட்டான். அந்த அம்மாள் எதனால் செத்தார்கள் என்று அந்த வீட்டிலேயே கேட்டுவிடுவது. திட்டினால் திட்டட்டும்.

அவர்கள் வீட்டுக் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில் அவனை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். காவிரிப் பாலம் வந்ததும் திரும்பிவிடலாமா என்று கேட்டான். நான் காதில் வாங்கவில்லை.

கதவைத் திறந்தது மூத்த மகள் யமுனா. நாற்பது வயது இருக்கும். அவனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். "உள்ளே வாங்கோ" என்றார்.

ரெஜிஸ் உட்காரவில்லை. "அம்மா எப்படி இறந்தாங்கன்னு கேக்கலாம்னு வந்தேங்க. நான் சொன்னதாலயா?" என்றான்.

யமுனா தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அம்மாவுக்கு ஹார்ட் ப்ராப்ளம். தினமும் மாத்திரையை நான்தான் கையில குடுப்பேன். குடுத்துட்டு அடுத்த வேலையைப் பாக்கப் போயிடுவேன். ஆத்துல அத்தனை மனுஷா. முழுங்கினாளான்னு நின்னு பாக்கலை. அம்மா போன மறுநாள் தலையணை உறையைத் தோய்க்க எடுத்தேன். எல்லா மாத்திரையும் உள்ளே இருந்தது. அப்பா போன அன்னிலேந்து ஒண்ணுகூட எடுத்துக்கலை."

"அப்ப இவன் காரணமில்லன்னு மறுநாளே உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"தெரியும்."

"தெரிஞ்சும் இவன் கம்பெனிக்கு ஒரு ஃபோன் பண்ணிச் சொல்லலியே."

"எப்படிச் சொல்லுவேன்? அந்தப் பையன் வாய்தான் காரணம்னு எல்லாரும் பேசிண்டிருந்தா. அப்படிப் பேசினப்புறம்தான் அண்ணா ஒரு வாய் சாதம் சாப்பிட்டான். நானும்தான் சாப்பிட்டேன். மாத்திரை விஷயம் அண்ணாவுக்கு இன்னிவரைக்கும் தெரியாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வீட்டையே இரண்டாக்கியிருப்பேன். ரெஜிஸ் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அவன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. யமுனா அவனைப் பார்த்தார். பிறகு எழுந்து ஃபோனை எடுத்தார். "இப்பவே சொல்லிடறேன்" என்று சவரிராயன் அண்ணனின் நம்பரைப் போட்டார்.

"ஸ்ரீரங்கத்துலேந்து யமுனா பேசறேன். அந்தப் பையன் விஷயமா" என்று ஆரம்பித்ததும் கதவு திறந்தது. அவர் அண்ணன், சிங்கப்பூரிலிருந்து வந்தவர். நெற்றியில் திருமண்ணும் கையில் துளசியுமாகக் கோயிலிலிருந்து வந்திருந்தார். ரெஜிஸைப் பார்த்து அப்படியே நின்றார்.

யமுனாவின் குரல் மாறிவிட்டது.

"மன்னிப்புக் கேக்க வந்திருக்கான். சின்னப் பையன், பாவம். திரும்ப வேலைக்கு எடுத்துக்கோங்கோ" என்றார் ஃபோனில்.

அண்ணன் முகம் தளர்ந்தது. "சரி, போறது. இனிமே நாக்கை அடக்கிப் பேசு" என்றார் ரெஜிஸிடம். பெரிய மனது பண்ணி மன்னித்தும்விட்டார்.

நான் வாயைத் திறந்தேன். ரெஜிஸ் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். யமுனா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்லிவிடாதே என்ற கெஞ்சல் தவிர அந்தக் கண்ணில் வேறெதுவும் இல்லை. அம்மாவே வேண்டாமென்று போய்விட்டாள் என்று அந்த மனுஷனுக்கு யார் சொல்வது? ரெஜிஸ் என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

"ஏண்டா புடிச்ச? ஒரு வார்த்தைல முடிஞ்சிருக்கும்" என்று படியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே இறங்கினேன்.

"சொன்னா அவரு நம்மள மாதிரி ஆயிடுவாருக்கா" என்றான்.

கீழே வண்டியை எடுப்பதற்குள் சவரிராயன் அண்ணன் கூப்பிட்டுவிட்டார். ரெஜிஸ் ஸ்பீக்கரில் போட்டான்.

"மன்னிப்புக் கேட்டியாமே, நல்ல காரியம். திங்கக்கெழம வந்து சேந்துடு."

"நான் மன்னிப்புக் கேக்கலண்ணே. அந்தம்மா செத்ததுக்கு நான் காரணம் இல்ல."

"அது எனக்குத் தெரியாதாடா? வாயால சொல்லி ஆள் சாவுறதா இருந்தா இந்நேரம் திருச்சியே காலியாயிருக்கும்."

ரெஜிஸ் ஃபோனையே பார்த்தான். "தெரிஞ்சுதான் அனுப்புனீங்களா?"

"அவங்களுக்கு யாரு மேலயாச்சும் பழியப் போடணும்ல தம்பி. பழைய ஆளா இருந்தா எப்படி அனுப்புறது? நீ ப்ரொபேஷன்லதான இருந்த."

அத்தனை நாளும் என் தம்பி முகத்தில் பயத்தைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. இப்போது கோபம் வந்தது. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

"இப்ப எங்கிட்ட சொன்னத நம்ம பசங்க எல்லாரும் இருக்கும்போது ஒரு தடவ சொல்லுங்கண்ணே. சொன்னீங்கன்னா வேலைக்கு வரேன்" என்றான்.



"அது சரிப்படாதுப்பா. நாளைக்கு இன்னொரு வீட்டுல இப்படி ஒண்ணு நடந்தா நான் என்ன சொல்றது?" என்றார் சவரிராயன் அண்ணன். ஃபோனை வைத்துவிட்டார்.

அதே வேலை என் தம்பிக்கு இரண்டாவது முறையாகப் போனது. இந்த முறை போனது வேலை மட்டும்தான்.