அமைதி நேரம்

“நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்” என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் இவர், மகள் பிறந்த ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, அதுவும் நாலு பேர் பார்க்கிற இடத்தில்... சரி, உட்கார்ந்துவிட்டேன், இந்த அருங்காட்சியகத்தில் எனக்கு நாற்காலி கிடைத்ததே இன்றைக்குத்தான், போன வருடம் இதே கூடத்தில் மகள் காதைப் பொத்திக்கொண்டு அலறியபோது காவலாளி வந்து “வெளிய கூட்டிட்டுப் போங்கம்மா, மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கு” என்றார், அன்றைக்கு இவர் எங்கே இருந்தார், அலுவலகத்தில், இவர் எப்போதும் அலுவலகத்தில்தான். இப்போது அதே காவலாளி வாசலில் குரலைத் தாழ்த்தி வரவேற்கிறார், மாதத்தில் ஒரு ஞாயிறு, சத்தமும் வெளிச்சமும் தாங்காத இவளைப் போன்ற குழந்தைகளுக்கென்றே ஆட்டமும் கைவேலையும், பாதி விளக்கை அணைத்து, பாட்டின் சத்தத்தைக் குறைத்து, களைத்தால் ஒதுங்க மூலையில் சின்னக் கூடாரம் போட்டு... குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எரிச்சல், இவ்வளவுதானா, நாலு விளக்கை அணைத்தால் போதுமா, இதற்கா இத்தனை நாள் ஒவ்வொரு வாசலிலிருந்தும் திரும்பி நடந்தேன்?

“யாரும் என்னைப் பாத்து ஆடணும்னு இல்ல, படுத்துக்கிட்டுகூட ஆடலாம்” என்கிறாள் நடன ஆசிரியை. மகள் நின்ற இடத்திலேயே கையை உதறுகிறாள், சந்தோஷம் வந்தால் அப்படித்தான், இவரும் உதறுகிறார், நரைத்த மனுஷன், தொப்பை குலுங்க, அவள் சிரிக்கிறாள், என்னிடம் இப்படிச் சிரித்தது எப்போது... பக்கத்து நாற்காலி அம்மா என் பக்கம் சாய்ந்து “குடுத்து வச்சவங்க நீங்க, எங்க வீட்டுக்காரர் கார்லயே உக்காந்திருக்கார்” என்கிறாள். கொடுத்து வைத்தவளாம், நான்! எந்தச் சட்டையின் தையல் உறுத்தும், எந்தத் தெருவில் நாய் குரைக்கும், எந்த டாக்டர் முகத்தைப் பார்த்துப் பேசுவார், எல்லாம் என் தலைக்குள், இவர் வந்தார், கையை உதறினார், அப்பா ஆகிவிட்டார்.

மேசைக்குப் போகிறார்கள், கம்பளி நூல், வண்ணக் காகிதம், பசை... ஐயோ, பசை. பள்ளியில் ஒரு சொட்டு விரலில் பட்டதற்கு ஒரு மணி நேரம் அலறி, சுவரில் தலையை முட்டிக்கொண்டவள். சொல்லியிருக்கிறேன், இவர் காதில் ஏறியிருக்காது, மூடியைத் திறக்கிறார், “என்னங்க” என்று ஒரு வார்த்தை போதும், பத்தடி தூரம்தான், நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அலறட்டும், ஒரு நாளாவது இவரும் பார்க்கட்டும்... அவள் உள்ளங்கையில் பசை. முகம் சுருங்குகிறது, அடுத்தது அலறல்தான், எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்... இவர் தன் கையிலும் ஊற்றிக்கொள்கிறார், நீட்டி வைத்துக் காத்திருக்கிறார், வெகுநேரம். அவள் தன் கையை அதன்மேல் வைக்கிறாள், மெல்லப் பிரிக்கிறாள், திரும்ப வைக்கிறாள்.

“ஒட்டுது” என்கிறாள். இந்த வாரம் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, என்னிடம் சொன்னதல்ல. இவர் திரும்பி, ஈரக் கண்ணோடு, “பாத்தியா? பசைன்னா கத்துவான்னு சொன்னியே, எனக்கு உள்ளுக்குள்ள ஒதறல்தான்” என்கிறார். ஞாபகம் வைத்திருக்கிறார். நானும் சிரித்துத் தலையாட்டுகிறேன், ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்... அவள் அலறவில்லை என்றதும் நெஞ்சுக்குள் ஏதோ சட்டென்று இறங்கியதே, அது நிம்மதிதானே, ஒரு தாய்க்கு அது நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்?