பொதுக் குழாய்

குழாய் பொது என்றுதான் வாடகை பேசும்போது பேச்சு. சூலியா தெருவுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில், கீழே வீட்டுக்காரி கமலாம்பிகை அக்கா. மாடியறையில் நானும் என் நான்கு வயது மகளும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் கணவரை, சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் ஆட்சியில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான் வரும். அதில் முக்கால்வாசி அக்காவின் ஆசாரத்துக்கே சரி. முந்தின நாள் நான் தொட்ட குழாயல்லவா! புளி போட்டுத் தேய்ப்பார், கழுவுவார், மறுபடியும் தேய்ப்பார். குழம்புக்குப் புளி கிடைக்காமல் ஊரே அலைகிறது, இவருக்குக் குழாய்க்குப் புளி கேட்கிறது! பிறகு சாமிக்கு ஒரு பித்தளைக் குடம், சமையலுக்கு, குளிக்க. என் முறை வரும்போது வெறும் காற்றுதான் வரும். அரைப் பானை கிடைத்தால் அதிர்ஷ்டம். கேட்டால், பொறுமை வேண்டும் என்பார். பொறுமையாம்!

அரிசி ஏது? மரவள்ளிக்கிழங்குதான் சோறு. கசப்புக் கிழங்கை ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, அவித்த தண்ணீரையும் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் விஷம். எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த வெள்ளிக்கிழமை மாற்றத் தண்ணீர் இல்லை. பசியில் பிள்ளை அழுதாள். ஊறாத கிழங்கை ஒரே தண்ணீரில் அவித்துக் கொடுத்துவிட்டேன். பாவி நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் மட்டும்தானா?

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி. எடுத்து எடுத்துத் துவண்டுபோனவள் தண்ணீர் கேட்டாள். என் பானையில் ஒரு சொட்டு இல்லை. கீழே ஓடினேன். சாமியறையில் பித்தளைக் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. பிள்ளை சாகக் கிடக்கிறாள், ஒரு செம்பு கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

“சாமிக்கு எடுத்து வச்ச தண்ணி. நீ தொடப்படாது.”

எனக்குத் தலைக்கேறிவிட்டது. உள்ளே போய்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அக்கா வாசலை மறித்துக்கொண்டு, இன்றைக்கே வீட்டைவிட்டு வெளிக்கிடு என்று கத்தினார்.

“போயிடறேன் அக்கா. பிள்ளை குடிச்சு முடிக்கட்டும்.”

இடித்துக்கொண்டு படியேறினேன். முதல் இரண்டு மடக்கும் வெளியே வந்துவிட்டது. மூன்றாவது தங்கியது. இன்னும் வேண்டும் என்று அவள் கையை நீட்டியபோதுதான் எனக்கு அழுகை வந்தது.