ஒரு கோடியில் மனிதன்

பூமி பிறந்து நானூற்று ஐம்பத்து நான்கு கோடி வருஷம் ஆகிறது. அதில் கிட்டத்தட்ட முந்நூறு கோடி வருஷம் வெறும் பச்சை வழுவழுப்பு. இது நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டதல்ல, தோள்பட்டை வலித்துத் தெரிந்துகொண்டது. அந்த வழுவழுப்பு முழுவதையும் வரைந்தவள் நான்.

என் தொழில் பெயர்ப்பலகை எழுதுவது. கடைப் பெயர், வண்டி நம்பர், 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று பதினாறு வருஷமாக ஏணியின் மேல்தான் குடித்தனம். டாக்டர் வீடு, வக்கீல் வீடு என்று ஊரில் பாதிக் கதவுகளில் பெயர் எழுதியிருக்கிறேன். என் பெயர் எழுத மட்டும் ஒரு கதவு கிடைத்ததில்லை. அருங்காட்சியகத்தில் நிரந்தர ஓவியர் வேலை ஒன்று காலியாக இருக்கிறது, மின்விசிறியோடு தனி அறை, கதவில் பெயர் என்று கேள்விப்பட்டபோது எனக்கு இரண்டு நாள் தூக்கமே வரவில்லை.

அதைச் சொன்னவள் என் நாத்தனார். அங்கே அவள் நிலவியல் ஆய்வாளர். சின்ன வயதில் கல்லும் மண்ணுமாகப் பையை நிரப்பிக்கொண்டு வந்ததால் வீட்டில் எல்லோருக்கும் அவள் 'கல்லு'. வயது முப்பத்தெட்டு ஆன பிறகும் பையும் மாறவில்லை, பெயரும் மாறவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் துணிமணியோடு ஊறப்போட்ட ஒரு கல்லால் நான் வாஷிங் மெஷினை இழந்தேன். அந்தக் கதை வேண்டாம், இப்போதும் கோபம் வரும்.

வேலைக்குப் பரீட்சை ஒரு சுவர். நீளமான நடைவழி, நாற்பத்தாறு மீட்டர். அதில் பூமியின் வரலாறு மொத்தத்தையும் வரைய வேண்டும். ஒரு மீட்டருக்குப் பத்துக் கோடி வருஷம் என்று கல்லு கணக்குப் போட்டாள். நாற்பத்தைந்து மீட்டர் நாற்பது சென்டிமீட்டரில் பூமி அடங்கிவிட்டது. மிச்சம் அறுபது சென்டிமீட்டரைத் தொடக்கத்தில் விட்டோம், அங்கே ஏற்கெனவே தீயணைப்பான் மாட்டியிருந்தது. சுவரின் மறுகோடியில் ஆண்கள் கழிவறை. பூமியின் வரலாறு அங்கே போய்த்தான் முடிகிறது. இடம் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்றாள் கல்லு.

அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு உயிருக்கும் அது வந்த நாளில் மூக்கு இருக்க வேண்டும், போன நாளில் வால் இருக்க வேண்டும். ட்ரைலோபைட் என்று ஒரு பூச்சி, கடல் அடியில் ஊர்ந்தது, உள்ளங்கை அளவுதான். ஆனால் அது இருபத்தேழு கோடி வருஷம் சாவேனா என்று இருந்திருக்கிறது. அதனால் சுவரில் அதற்கு இரண்டு மீட்டர் எழுபது சென்டிமீட்டர். ரப்பரைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு பூச்சியை வரைந்து முடித்து இறங்கினேன்.

"அண்ணி, மூக்கு ரெண்டு சென்டி தள்ளிப் போச்சு."

"ரெண்டு சென்டி தானே, விடு."

"ரெண்டு சென்டி இல்ல அண்ணி, இருபது லட்சம் வருஷம்."

இருபது லட்சம் வருஷத்தைச் சுரண்டி எடுத்து மறுபடி வரைந்தேன். காலில் ஒரு முள் கூடிவிட்டது என்று மேலும் இரண்டு முறை சுரண்டவைத்தாள். "இதுக்கு முள்ளு எத்தனைன்னு எந்த மகராசன் வந்து எண்ணப் போறான்?" என்றேன். "நான் எண்ணுவேன்" என்றாள். அவளோடு பேசிப் பயனில்லை.

பச்சை வழுவழுப்பு வரைந்த ஐந்து வாரம்தான் என் பொறுமைக்கு வந்த சோதனை. உயிர் என்று ஒன்று வந்தாகிவிட்டது. வந்தது ஏதாவது செய்ய வேண்டாமா? முப்பது மீட்டருக்கு அசைவே இல்லை.

"என்னடி இது, உங்கண்ணன் ஞாயித்துக்கிழமை சோபால கெடக்குற மாதிரி?"

"அது சும்மா கெடக்கல அண்ணி. நாம மூச்சு விடுறதுக்குக் காத்தத் தயார் பண்ணுது."

"அப்ப உங்கண்ணன விட மேல்தான்" என்று சொல்லிவிட்டு மேலும் நான்கு டப்பா பச்சையைக் கலக்கினேன்.

கடைசி ஐந்தரை மீட்டரில்தான் எல்லாக் கூத்தும். மீன் வருகிறது, கரையேறுகிறது, காடு வளர்கிறது. கழிவறைக்கு இரண்டரை மீட்டர் இருக்கும்போது பத்தில் ஒன்பது உயிர் செத்துப்போகிறது. அந்த இடத்தைக் கறுப்பில் வரைந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் ட்ரைலோபைட் வால் அங்கேதான் முடிகிறது. மூன்று முறை சுரண்டிய பூச்சி, பழகிவிட்டதல்லவா? அதற்கப்புறம் டைனோசர் ஒன்றே முக்கால் மீட்டருக்குக் கொட்டமடித்துவிட்டு அறுபத்தாறாவது சென்டிமீட்டரில் ஒழிந்தது. குதிரை, திமிங்கிலம், குரங்கு என்று நெருக்கியடித்து வரைந்துகொண்டு போனேன்.

மனிதன் மட்டும் பாக்கி. கல்லு கொடுத்த பட்டியலில் மனிதனுக்கு எதிரே கட்டம் காலி. கேட்கலாம் என்றால் அவள் ஏதோ கல் குவாரியில் எலும்பு கிடைத்திருக்கிறது என்று ஐந்து நாள் போய்விட்டாள். போன் செய்தேன். காற்றும் லாரியும்தான் பேசின, நடுநடுவே இவள்.

"மனுஷன எங்கடி போடுறது?"

"கோடியில அண்ணி... கோடியில ஒரு... போட்டுடுங்க..."

"ஒரு கோடியிலயா?"

"ஆமா அண்ணி, ஒரு கோடியில!"

இதற்கு மேல் ஒருத்தி எப்படித்தான் கேட்டு உறுதிசெய்துகொள்வாள்? நான்கு மாதமாகக் கோடி கோடி என்றே கேட்டுக்கேட்டு என் காது காய்த்திருந்தது. ஒரு கோடி வருஷம் என்றால் பத்து சென்டிமீட்டர். கழிவறைக் கதவு நிலையிலிருந்து பத்து சென்டிமீட்டரை அளந்து புள்ளி வைத்தேன். அகலம் பத்து, உயரம் நாற்பது. ஒடுக்கமான ஒரு ஆள், பழைய காலத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் நிற்கிறான். நன்றாகவே வந்தான். முகம் மட்டும் வைக்கவில்லை.

அப்போதுதான் அருங்காட்சியகத் தலைவர் வந்தார். அதைத் தொடங்கியவர் அவருடைய அப்பா. செத்து இருபது வருஷம் ஆகியும் கட்டடம் முழுக்க அவர்தான். மொத்தம் பதினோரு படம், ஒன்று ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலேகூட இருக்கிறது. தலைவர் அறையில் அப்பாவின் பெரிய நாற்காலி மெத்தையோடு காலியாக இருக்கும், இவர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். வயது அறுபத்தெட்டு. எதைக் கேட்டாலும் "அப்பா இருந்திருந்தா" என்றுதான் ஆரம்பிப்பார். என் வேலை உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

"இது யாரு மூஞ்சி?" என்று கேட்டார்.

"இன்னும் யாரு மூஞ்சியும் இல்லங்கய்யா."

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். தனி அறையும் மின்விசிறியும் கண்ணுக்குள்ளேயே நின்றதால் நானாகவே வாயைக் கொடுத்தேன். "உங்கப்பா மூஞ்சியவே வச்சிடட்டுங்களா?"

"அப்பா இருந்திருந்தா... அவரே கேட்டிருப்பாரு" என்றார். பிறகு, "மீசைய மறந்துடாத" என்று சொல்லிவிட்டுப் போனார். மீசை, கண்ணாடி, முறைப்பு எல்லாம் ஒரே நாளில் முடித்தேன். ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே இருப்பதைவிட இது நன்றாக இருந்தது, எனக்கே பெருமையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கல்லு திரும்பி வந்தாள். திங்கட்கிழமை திறப்புவிழா. அதற்கு முன், அந்தச் சனிக்கிழமையே நாலு மணிக்குத் தலைவர் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு என் உத்தரவில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். கல்லு பையைக்கூடக் கீழே வைக்காமல் சுவர் நெடுக நடந்து வந்தாள். கழிவறை வாசலில் நின்றாள்.

"இது என்ன அண்ணி?"

"மனுஷன். நீ சொன்ன மாதிரி ஒரு கோடியில."

"ஐயோ! நான் சொன்னது சுவத்துக் கோடி! கோடியில ஒரு கோடு போடுங்கன்னேன்!"

"கோடா?"

"மனுஷன் வந்து மூணு லட்சம் வருஷம்தான் ஆகுது. மூணு மில்லிமீட்டர். அதுல மூக்கு, வாலு எதுவும் வரைய முடியாது, அதான் கோடு. ஒரு கோடி வருஷத்துக்கு முன்னாடி மனுஷன் ஏது? வாலில்லாக் குரங்குதான்." கிட்டே போய் உற்றுப் பார்த்தாள். "அது சரி, குரங்குக்கு எதுக்கு மீசையும் கண்ணாடியும்?"

"தலைவரோட அப்பா" என்றேன்.

இருவரும் சிரித்தோம். அடக்க முடியாமல் நான் டைனோசர் வாலில் சாய்ந்துவிட்டேன். சிரித்து முடித்தபோதுதான் மணி மூன்று என்று தெரிந்தது. மீசையைச் சுரண்டினால் வேலை போகும். சுரண்டாவிட்டால் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் மனிதன் வந்து ஒரு கோடி வருஷம் ஆகிறது என்று படித்துவிட்டுப் போகும், அதன் கீழே கணக்குப் போட்டவள் என்று கல்லுவின் கையெழுத்து இருக்கும்.

அவள் பையை இறக்கி வைத்தாள்.

"விட்டுடுங்க அண்ணி. இருந்துட்டுப் போகட்டும். யாரு வந்து அளக்கப் போறாங்க?"

இரண்டு சென்டிமீட்டருக்கு என்னை நாய்ப்பாடு படுத்தியவள் சொன்னாள் இதை. கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை, என் செருப்பைப் பார்த்துச் சொன்னாள். நான் பெயர் எழுத ஒரு கதவு கேட்டது அவளுக்குத் தெரியும். எனக்காகத் தொண்ணூற்றேழு லட்சம் வருஷத்தை விழுங்கத் துணிந்துவிட்டாள். அந்த நிமிஷம் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எனக்குத்தான் அதெல்லாம் கோபமாகவே வெளியே வரும்.

"பூச்சி கால்ல ஒரு முள்ளு கூடிப்போச்சுன்னு என்னை மூணு தடவ ஏணி ஏத்தினவ நீ. இப்ப யாரு அளப்பாங்கன்னு கேக்குற? வெக்கமா இல்ல உனக்கு? அந்தச் சுரண்டியக் கொண்டா."

"அண்ணி, வேல போயிடும்."

"கொண்டாடின்னா!"

மீசை முதலில் போனது. பிறகு கண்ணாடி, முறைப்பு, ஆள். குரங்கை இழுத்து அந்த இடத்தை நிரப்பினோம், அது பாட்டுக்கு நிம்மதியாக நின்றது. கதவு நிலையை ஒட்டி, மூன்றே மில்லிமீட்டர் அகலத்தில் மேலிருந்து கீழே ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன். பதினாறு வருஷம் எழுத்து எழுதிய கை, அந்தக் கோட்டுக்குத்தான் முதன்முதலாக ஸ்கேல் கேட்டது.

நாலு மணிக்குத் தலைவர் வந்தார். சட்டைப் பையில் மடித்த காகிதம் தெரிந்தது. பச்சை வழுவழுப்பை மரியாதையாகக் கடந்து, பூச்சியைப் பார்த்துத் தலையாட்டி, டைனோசரிடம் கொஞ்சம் நின்று, கோடிக்கு வந்தார்.

"அப்பா எங்க?"

"என் தப்புங்கய்யா, போன்ல நான்தான்..." என்று கல்லு ஆரம்பித்தாள். நான் அவள் காலை மிதித்தேன்.

"இதுலதான் இருக்காருங்கய்யா" என்று சிவப்புக் கோட்டைக் காட்டினேன். "முன்ன போட்டது தப்பு. அங்க போட்டா அவரு குரங்காயிடுவாரு. மனுஷங்க இதுவரைக்கும் வாழ்ந்தவங்க மொத்தப் பேரும் இந்தக் கோட்டுக்குள்ளதான்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இதுல எங்க?"

"வலது ஓரத்துல. தனியாக் காட்ட முடியாதுங்கய்யா. அவரு எத்தன வருஷம் இருந்தாரு?"

"தொண்ணூத்தொண்ணு."

"ஒரு தலமுடிய நெடுக்க நூறாப் பிளந்தா அதுல ஒண்ணு. அந்த அளவுக்கு பிரஷ்ஷே கிடையாது."

சொல்லிவிட்டுக் கதவு, மின்விசிறி எல்லாவற்றையும் மனசுக்குள் கைகழுவினேன். திங்கட்கிழமை ஒரு மளிகைக் கடைக்குப் பெயர் எழுத வேண்டியிருந்தது, அதை நினைத்துக்கொண்டேன். அவர் நிமிரவில்லை. கோட்டின் மேல் விரலை வைத்தார், மேலே கொண்டுபோனார், கீழே கொண்டுவந்தார். பெயிண்ட் காயாததால் விரலில் சிவப்பு ஒட்டியது. அதையும் பார்த்தார்.

"அப்ப நானு?" என்றார்.

"நீங்களும் இதுலதாங்கய்யா."

"எவ்வளவு?"

"நூறுல ஒண்ணு. அதே அளவு."

"அவரும் நானுமா?"

"ஒரே அளவு. பக்கத்துல பக்கத்துல வச்சா இது யாரு, அது யாருன்னே தெரியாது."

அவர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். கிழிக்கப் போகிறார் என்று கல்லு என் கையைப் பிடித்துக்கொண்டாள். காகிதத்தைக் குரங்கின் காய்ந்த பக்கத்தில் வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டார். சிவப்பு விரல் பட்டுப் பெயருக்குப் பக்கத்தில் கறையாகிவிட்டது, அதைத் துடைக்கவில்லை. என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கடைசியா ஒண்ணு சொன்னியே," என்றார், "அத இன்னொரு தடவ சொல்லும்மா."