மெழுகில் மீதமில்லை

அண்ணனின் சதைத் துணுக்குகள் பரிசோதனைக்கூடத்துக்கு வந்த அன்று, வேறு யாரும் அவற்றைத் தொடக்கூடாது என்று தங்கை அடம்பிடித்தாள். மெழுகில் பதித்த சதையை முடியைவிட மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவதுதான் பதினெட்டு வருஷமாக அவள் வேலை. சொந்தக்காரர்களுடையதைத் தொடக்கூடாது என்று விதி உண்டு. விதியாவது மண்ணாங்கட்டியாவது! தன் கையே தனக்குதவி என்று உட்கார்ந்துவிட்டாள்.

புராஸ்டேட்டிலிருந்து ஊசியால் எடுத்த பன்னிரண்டு துணுக்குகள், ஒவ்வொன்றும் நூல் பருமன். ஏழாவதுதான் படுத்தியது. முதல் சீவலில் சுருக்கம், அடுத்ததில் கீறல். ஊரான் சதையென்றால் போதுமென்று விட்டிருப்பாள். அண்ணனுடையதாயிற்றே, கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டாமா? சீவினாள், தூக்கிப் போட்டாள், மறுபடி சீவினாள். கடைசியில் ஒன்று அப்பழுக்கில்லாமல் வந்தது. தன்னையே மெச்சிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, கண்ணாடிகளைப் பார்த்து முடிவெழுதும் டாக்டரம்மா கூப்பிட்டார். புற்றுநோய் இருந்தது அந்த ஏழாவதில் மட்டும்தான்.

"எனக்கு இது சாதுவான ரகமாத்தான் தெரியுதும்மா. ஆபரேஷன் வேணாம், அப்பப்ப பார்த்துக்கிட்டா போதும்னு எழுத இருந்தேன். ஆனா படத்தைப் பார்த்து ரகம் சொல்ற நம்ம கம்ப்யூட்டர் இந்த ஓரத்தைச் சிவப்பா காட்டுது. மூர்க்கமான ரகமாம்."

"எது சரி, டாக்டர்?"

"சும்மா வெட்டினா ஆயுசுக்கும் ஒண்ணுக்கு அடங்காம போகலாம். விட்டா எலும்புக்கே போயிடலாம். அதே மெழுகுல இன்னும் ரெண்டு சீவல் எடு, தெரிஞ்சிடும்."

எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெறும் மெழுகு. சதையெல்லாம் அன்றைக்கே குப்பைக்குப் போயிருந்தது. சொன்னபோது டாக்டரம்மா திட்டக்கூட இல்லை.

"மறுபடி ஊசியும் போட முடியாது. போன தடவையே கிருமி ரத்தத்துல ஏறி, இன்னும் வார்டுல கிடக்கார். போட்டாலும் அதே இடத்துல குத்தும்னு என்ன நிச்சயம்?"

படத்தைத் திரும்பத் திரும்பக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தாள். மூன்று முறையும் ஒரே பதில்: மூர்க்கமானதாக இருக்க அறுபத்திரண்டு சதவீத வாய்ப்பு, கூடுதல் சீவல் தேவை. கரடியாகக் கத்தினாலும் அறுபத்திரண்டு அறுபத்திரண்டுதான். காலில் விழலாமென்றால் அந்தச் சனியனுக்குக் காலும் இல்லை.

வார்டில் அண்ணன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வா பாப்பா. என்ன சொல்றாங்க?"

"டாக்டர் ஒண்ணு சொல்றாங்க, கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்லுதுண்ணா."

"அதுக்கென்ன, நீ இன்னொரு தடவை வெட்டிக் காட்டேன்."

"மீதி இல்லண்ணா. நல்லா வரணும்னு சீவிச் சீவி… நானே எல்லாத்தையும் தீர்த்துட்டேன்." அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அண்ணன் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். ஒரு கோபம், ஒரு வசவு வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"சரி விடு, அழாத. எனக்கு டாக்டரும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. வெட்டிக்கவா, விட்டுடவா? நீ எது சொல்றியோ, அதுக்குக் கையெழுத்துப் போடறேன்."